பாட்டுக்கும் உண்டு கோட்டா!

கோட்டா என்றதும் உங்களுக்கு என்ன ஞாபகம் வரும்? ரயிலில் எமர்ஜென்ஸி கோட்டா. காலேஜில் ஸ்போர்ட்ஸ் கோட்டா. ரேஷன் கடையில், ‘இந்த மாசக் கோட்டா முடிஞ்சு போச்சும்மா, அடுத்த மாசம் வா’ என்கிற கோட்டா. கல்யாணப் பந்தியில் மாப்பிள்ளை வீட்டாருக்கு மட்டும் இரண்டாம் தடவை பாயசம் வருகிறதே, அதையும் இந்தக் கணக்கில் தாராளமாகச் சேர்க்கலாம்.

பாட்டுக்கும் கோட்டா உண்டு, தெரியுமோ?

கனடாவில் நீங்கள் ரேடியோ நிலையம் நடத்தினால், நூறு சினிமா அல்லது பாப் பாட்டு போடுகிற இடத்தில் முப்பத்தைந்தாவது கனடா சரக்காக இருக்க வேண்டும். பிரான்ஸில் 1994-ல் சட்டம் போட்டு, 1996 ஜனவரி முதல் தேதியிலிருந்து நூற்றுக்கு நாற்பது பிரெஞ்சுப் பாட்டு என்று கறாராகச் சொல்லிவிட்டார்கள். பிலிப்பைன்ஸில் 1987-ல் அதிபர் கொரசான் அக்கினோ போட்ட உத்தரவு இன்னும் சுலபம்: மணிக்கு நாலு பாட்டு நம் நாட்டுப் பாட்டு, அவ்வளவுதான். எல்லோருக்கும் ஒரே பயம். அமெரிக்கப் பாட்டு வந்து நம் பாட்டை விழுங்கிவிடுமோ என்று!

‘அவங்க பாட்டுக்கு அவங்க கோட்டா வச்சுக்கிறாங்க. ஆவுடையார்கோவிலில் உட்கார்ந்திருக்கும் உமக்கு என்னய்யா வந்தது?’ என்று கேட்பீர்கள். வந்திருக்கிறது சார், காரணம் இருக்கிறது.

2024 ஆகஸ்ட் மாதம் மத்திய அமைச்சரவை ஒரு முடிவு எடுத்தது. தனியார் எஃப்.எம். இல்லாத 234 ஊர்களில் 730 சேனல்களை ஏலம் விடுவது என்று. தாய்மொழியில் உள்ளூர் நிகழ்ச்சிகள் பெருகும் என்பதை ஒரு காரணமாகச் சொன்னார்கள். அந்தப் பட்டியலில் தமிழ்நாட்டிலிருந்து தஞ்சாவூர், காரைக்குடி, கரூர், திண்டுக்கல் இவற்றோடு எங்கள் மாவட்டத் தலைநகர் புதுக்கோட்டையும் இருக்கிறது.

ஆக, புதுக்கோட்டைக்கென்று ஒரு தனியார் ரேடியோ வரலாம். வந்தால் அதில் யார் பாட்டு போடுவார்கள்? இதுதான் என் கேள்வி.

நூற்றுக்கு நூறு மார்க்

அறந்தாங்கியில் பஸ் ஏறினால் ஆவுடையார்கோவில் அரைமணி சமாசாரம். அந்த அரைமணியில் டிரைவர் அண்ணன் போடுகிற பாட்டை ஒரு நாள் விரல் விட்டு எண்ணிப் பார்த்தேன். ஆறு பாட்டு. ஆறும் தமிழ். கனடாக்காரன் முப்பத்தைந்துக்கு மூச்சு வாங்குகிறான், பிரெஞ்சுக்காரன் நாற்பதுக்கு முக்குகிறான், நாமோ அலட்டிக்கொள்ளாமல் நூற்றுக்கு நூறு!

சந்தோஷப்பட்டு முடிப்பதற்குள் இன்னொரு கணக்கும் கண்ணில் பட்டது. ஆறும் சினிமாப் பாட்டு.

இங்கே மற்ற நாட்டுக் கதையிலிருந்து நம் கதை பிரிகிறது. நம் ரேடியோவை இங்கிலீஷ் பாட்டு விழுங்கவில்லை. இந்திப் பாட்டும் விழுங்கவில்லை. நம் ரேடியோவை விழுங்கியிருப்பது நம் சினிமா. தனியார் தமிழ் எஃப்.எம்.மைத் திருப்பினால் சினிமாப் பாட்டு, நடுவில் சினிமா ஜோக், அதற்கு நடுவில் சினிமா நடிகர் பேட்டி. மூச்சு விடுகிற நேரத்தில் நகைக்கடை விளம்பரம்.

நான் சினிமாப் பாட்டுக்கு விரோதி இல்லை. பாத்ரூமில் நான் பாடுவதும் அதுதான் (வீட்டில் கேட்டுப் பாருங்கள், அழுதுகொண்டே ஒப்புக்கொள்வார்கள்). ஆனால், இலை முழுக்கச் சோறு மட்டும் போட்டால் அதற்குப் பெயர் விருந்து இல்லையே.

மத்திய அரசின் எஃப்.எம். கொள்கையில் உள்ளூருக்கென்று ஒன்றும் இல்லையா? இருக்கிறது. 2011-ல் வந்த மூன்றாம் கட்டக் கொள்கையின்படி ஒரு நாள் ஒலிபரப்பில் குறைந்தது 20 சதவீதம் அந்த ஊர் மொழியில், உள்ளூர் விஷயத்துக்கு ஊக்கம் தருவதாக இருக்க வேண்டும். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால், தமிழ்நாட்டில் எந்த மைக்கைத் தட்டினாலும் தமிழ்தான் வரும். கோடம்பாக்கத்தில் பதிவான பாட்டும் தமிழ். எங்கள் ஊர்க் கண்மாய்க் கரையில் பாடின பாட்டும் தமிழ். மொழி என்கிற சல்லடையில் இரண்டும் ஒன்றாகத்தான் விழும்.

அமைச்சர் போட்ட அதிரடி

‘அப்படியானால் சினிமாப் பாட்டைக் குறைக்கச் சொல்லிச் சட்டம் போட வேண்டியதுதானே?’ என்று நீங்கள் கேட்கலாம். போட்டுப் பார்த்தாயிற்று சார்! அந்தக் கதை சுவாரஸ்யமானது.

1952-ல் மத்திய செய்தி ஒலிபரப்பு அமைச்சராக வந்தவர் பி.வி.கேஸ்கர். சாஸ்திரீய சங்கீதத்தில் அபார பக்தி. சினிமாப் பாட்டு மேல்நாட்டுக் காப்பி, மக்கள் ரசனையைக் கெடுக்கிறது என்பது அவர் கட்சி. அகில இந்திய வானொலியில் சினிமாப் பாட்டுக்கு மொத்த நேரத்தில் பத்து சதவீதம் என்று கோட்டா வைத்தார். அந்தப் பத்திலும் எந்தப் பாட்டு என்று வடிகட்டல். போதாக்குறைக்கு, படத்தின் பெயரைச் சொன்னால் அது விளம்பரமாகிவிடும் என்று, பாடியவர் பெயரை மட்டும் சொன்னார்கள்.

படத் தயாரிப்பாளர்களுக்கு வந்தது கோபம். ‘எங்கள் பாட்டே உங்களுக்கு வேண்டாம்’ என்று உரிமத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டார்கள். சில மாதங்களில் வானொலியில் சினிமாப் பாட்டு சுத்தமாக நின்றது.

மக்கள் உடனே திருந்தி, காலையில் எழுந்து தோடி கேட்க ஆரம்பித்தார்களா? அதுதான் இல்லை. ரேடியோவின் குமிழைத் திருகினார்கள். அங்கே ரேடியோ சிலோன்! இரண்டாம் உலகப் போரில் ராணுவத்துக்காக வைத்த பலமான டிரான்ஸ்மிட்டர் கொழும்பில் சும்மா இருக்குமா? 1952-லேயே அமீன் சயானியின் குரலில் ‘பினாகா கீத்மாலா’ தொடங்கி வட இந்தியா முழுவதையும் கட்டிப்போட்டது. டில்லி விரட்டிய பாட்டு, கடல் தாண்டிப் போய், விளம்பரக் காசையும் சேர்த்துக்கொண்டு, அதே டில்லிக்குள் வந்தது.

ஐந்து வருஷம் முரண்டு பிடித்த பிறகு, 1957 அக்டோபர் 3-ம் தேதி விவித் பாரதி பிறந்தது. அதாவது, ‘சரி, சினிமாப் பாட்டு போடறோம், வீட்டுக்கு வாங்க’ என்று அரசாங்கம் சொன்ன சமாதானம்.

கடலுக்கு அந்தப் பக்கம்

எங்கள் பக்கத்துக்காரர்களுக்கு ரேடியோ சிலோன் பக்கத்து வீடு மாதிரி. ஆவுடையார்கோவிலிலிருந்து கிழக்கே போனால் மீமிசல், கோட்டைப்பட்டினம், ஜெகதாப்பட்டினம். அதோடு ரோடு முடிந்து கடல். கடல் முடிந்தால் இலங்கை. இடையில் மலையா, மாடியா? ஒலி தண்ணீர் மேல் வழுக்கிக்கொண்டு வந்துவிடும். மயில்வாகனம், கே.எஸ்.ராஜா, ராஜேஸ்வரி சண்முகம், பி.எச்.அப்துல் ஹமீத்... இவர்கள் பெயரைச் சொன்னால் இன்றைக்கும் டீக்கடையில் இரண்டு பெரியவர்கள் நிமிர்ந்து உட்காருவார்கள். ‘பொங்கும் பூம்புனல்’ கேட்டு எழுந்த வீடுகள் இங்கே எத்தனையோ.

‘திருச்சி ஸ்டேஷன் நல்லாத்தான் இருக்கும் தம்பி. ஆனா அதுல பாட்டு கேக்கறது, வாத்தியார் வீட்டுல சாப்புடற மாதிரி. சிலோன்ல கேக்கறது மாமியார் வீட்டுல சாப்புடற மாதிரி’ என்றார் ஒரு பெரியவர். விளக்கமே வேண்டாம் பாருங்கள்.

ஆனால், நாம் மாமியார் வீட்டு விருந்தில் இருந்தபோது, அந்த வீட்டுப் பிள்ளைகள் பசியோடு நின்றார்கள் என்பதை நாம் கவனிக்கவில்லை. ஈழத்துக் கலைஞர்கள், ‘எங்கள் வானொலியில் எங்கள் பாட்டு எங்கே?’ என்று கேட்டார்கள். நியாயம்தானே! கொழும்பு வானொலி போட்டதெல்லாம் கோடம்பாக்கத்துப் பாட்டு. எஸ்.கே.பரராஜசிங்கம் போன்றவர்கள் வானொலிக்குள்ளேயே இருந்துகொண்டு ஈழத்து மெல்லிசை என்று ஒன்றை வளர்த்தார்கள். உள்ளூர்க் கவிஞர், உள்ளூர் இசையமைப்பாளர், உள்ளூர்க் குரல். இன்னொரு பக்கம் நித்தி கனகரத்தினம், ஏ.ஈ.மனோகரன் என்று பொப் இசை கிளம்பியது. மனோகரனின் ‘சுராங்கனி’ கடல் தாண்டித் தமிழ்நாட்டுக் கல்யாண வீட்டில் எல்லாம் ஆடியது. 1977-ல் ‘அவர் எனக்கே சொந்தம்’ படத்துக்குள்ளும் போய் உட்கார்ந்தது.

கேஸ்கரிடமிருந்தும் பரராஜசிங்கத்திடமிருந்தும் சேர்த்து ஒரு பாடம் படிக்கலாம். கேஸ்கர், மக்கள் விரும்பியதைப் பிடுங்கினார். மக்கள் வேறு வாசல் வழியாகப் போய்விட்டார்கள். பரராஜசிங்கம் யாருடைய பாட்டையும் பிடுங்கவில்லை. பக்கத்தில் இன்னொரு இலை போட்டார்.

நாலு பாடத்தில் இரண்டு பாஸ்

சரி, வெளிநாட்டு அனுபவத்தையும் கொஞ்சம் பார்த்துவிடுவோம். எது ‘நம்ம பாட்டு’ என்று கண்டுபிடிக்கக் கனடாவில் ஒரு பரீட்சை வைத்திருக்கிறார்கள். இசை, பாடுகிறவர், பதிவான இடம், பாட்டின் வரிகள் என்று நாலு பாடம். இரண்டில் கனடா இருந்தால் பாஸ். இதில் பிரமாதமாக மாட்டிக்கொண்டவர் பிரையன் ஆடம்ஸ். அசல் கனடாக்காரர். 1991-ல் அவர் பாட்டு உலகமெல்லாம் ஓடியது. வெளிநாட்டுக்காரர் ஒருவரோடு கூட்டாக எழுதி இசையமைத்ததால், ‘இது கனடாப் பாட்டு இல்லை’ என்று பெயில் போட்டுவிட்டார்கள்! மனுஷர் பொங்கி எழ, 1993-ல் விதியைத் தளர்த்தினார்கள்.

இந்தப் பரீட்சையை எங்கள் ஊர்ச் சரக்கு ஒன்றுக்கு வைத்துப் பார்த்தேன். திருப்பெருந்துறை என்பது ஆவுடையார்கோவிலின் பழைய பெயர். மாணிக்கவாசகர் குருந்த மரத்தடியில் குருவைக் கண்ட தலம். திருவாசகத்துக்கு நாங்கள்தான் பிறந்த வீடு என்று நாங்கள் காலரைத் தூக்கிக்கொள்வோம். அந்தத் திருவாசகத்தை 2005-ல் இளையராஜா, புடாபெஸ்ட் நகரத்து சிம்பொனி ஆர்கெஸ்ட்ராவை வைத்துச் செய்தார். வரிகள் நம்முடையவை, பாஸ். இசை பண்ணைப்புரத்துக்காரர், பாஸ். வாசித்தது ஹங்கேரிக்காரர்கள் என்றாலும் பரவாயில்லை, அமோகமாகத் தேறிவிடுகிறது. ஆனால், இது சினிமாவில் வரவில்லை. ஆகவே நம் எஃப்.எம். பரீட்சையில்? பதிலை உங்கள் ரேடியோவைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

கோட்டா வைத்ததும் நிலையக்காரர்கள் சும்மா இருந்துவிடவில்லை. ஆரம்ப காலத்தில் கனடா நிலையங்கள் சில, உள்நாட்டுப் பாட்டையெல்லாம் ஊர் உறங்குகிற நேரத்தில் மூட்டையாகக் கட்டி இறக்கிவிட்டன. அந்த நேரத்துக்குக் கனடாவின் தேசிய மிருகத்தின் பெயரில் ‘பீவர் அவர்’ என்று கிண்டலாகப் பெயரே உண்டு. அப்புறம்தான், ‘வார நாட்களில் காலை ஆறு முதல் மாலை ஆறு வரையிலும் 35 சதவீதம் இருக்கணும்’ என்று கண்டிப்பு வந்தது.

பிரான்ஸில் வேறு தந்திரம். நாற்பது சதவீதம் பிரெஞ்சுப் பாட்டுதானே? பிரபலமான சில பாட்டுகளையே திருப்பித் திருப்பிப் போடு! 2016-ல் அரசாங்கம் விழித்துக்கொண்டது. அதிகம் ஒலிக்கும் பத்துப் பிரெஞ்சுப் பாட்டுகளே பாதிக்கு மேல் இடம் பிடித்தால், அதிகப்படி கணக்கில் வராது என்று சட்டத்தைத் திருத்தினார்கள். தென் ஆப்பிரிக்காவில் அரசு ஒலிபரப்பு நிறுவனம் 2016 மே மாதம் ஒரே தாவாகத் தாவி 90 சதவீதம் உள்நாட்டுப் பாட்டு என்றது. கேட்பவரும் குறைந்து விளம்பரமும் குறைந்து, அடுத்த வருஷமே பின்வாங்கியது.

ஆக, கோட்டா வைப்பவன் கோலத்தில் போனால், நிலையத்துக்காரன் தடுக்கில் போகிறான்.

விரலுக்கு யார் சட்டம் போடுவது?

இதெல்லாம் ரேடியோவுக்கு மட்டும் காது இருந்த காலம். இப்போது நிலைமை என்ன? எங்கள் கோவிலில் மூலஸ்தானத்தில் லிங்கம் கிடையாது, ஆவுடையார் மட்டும்தான். உருவம் இல்லாத சாமி. நைவேத்தியமும் அப்படியே. சோற்றை வடித்துக் கொட்டி அதிலிருந்து எழும் ஆவியைத்தான் காட்டுவார்கள். பாட்டும் இன்று அப்படி ஆகிவிட்டது. இசைத்தட்டு போச்சு, கேஸட் போச்சு, சி.டி. போச்சு. வெறும் ஆவியாகக் காற்றில் வந்து செல்போனில் இறங்குகிறது.

கடையும் மாறிக்கொண்டே இருக்கிறது. ஸ்பாட்டிஃபை 2019-ல் இந்தியாவுக்கு வந்தது. டிக்டாக் 2020 ஜூனில் தடையானது. விங்க் மியூசிக் 2024-ல் கடையைக் கட்டியது. யூடியூப் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கிறது. ரேடியோ நிலையத்துக்கு லைசென்ஸ் உண்டு. ஒரு முகவரி உண்டு. தப்பு செய்தால் நோட்டீஸ் அனுப்பலாம். அறந்தாங்கி பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்திருக்கும் காலேஜ் பையனின் விரலுக்கு எந்த அமைச்சர் நோட்டீஸ் அனுப்புவார்? 1952-ல் கேஸ்கருக்கு ஒரு கொழும்பு. இன்றைக்கு ஒவ்வொரு சட்டைப் பைக்குள்ளும் ஒரு கொழும்பு!

கனடாக்காரர்கள் இதற்கும் ஒரு வழி பார்த்தார்கள். 2023-ல் சட்டம் கொண்டுவந்து, 2024 ஜூனில் உத்தரவு போட்டார்கள். பெரிய ஸ்ட்ரீமிங் நிறுவனங்கள் கனடாவில் சம்பாதிப்பதில் 5 சதவீதத்தை உள்நாட்டு ஒலிபரப்புக்கும் கலைஞர்களுக்கும் கட்ட வேண்டும் என்று. பாட்டில் கோட்டா வைக்க முடியாவிட்டால் பணத்தில் வை! நிறுவனங்கள் கோர்ட்டுக்குப் போயின. ஐடியா என்னவோ யோசிக்க வேண்டிய ஐடியா.

‘ஸ்ட்ரீமிங்தான் வந்தாச்சே, இனிமே யார் வேணும்னாலும் பாடிப் போடலாமே, கோட்டா எதுக்கு?’ என்று என் தம்பி மகன் கேட்டான். வாஸ்தவம். 2021-ல் ‘என்ஜாயி எஞ்சாமி’ எந்தப் படத்திலும் வராமலே உலகம் சுற்றியது. ஆனால், 2024 மார்ச்சில் அதன் இசையமைப்பாளர் சந்தோஷ் நாராயணன், அந்தப் பாட்டில் தங்களுக்கு ஒரு பைசா வரவில்லை என்று வெளிப்படையாகவே சொன்னார். கோடிக்கணக்கில் கேட்ட பாட்டுக்கே இந்தக் கதி.

எங்கள் மாவட்டத்துக் கதை ஒன்றும் உண்டு. செந்தில் கணேஷ் புதுக்கோட்டைச் சீமைக்காரர். மனைவி ராஜலட்சுமியோடு மேடை மேடையாக நாட்டுப்புறப் பாட்டு பாடியவர். 2018-ல் டி.வி. போட்டியில் ஜெயித்தார். அவர்கள் பாடிய ‘சின்ன மச்சான்’ ‘சார்லி சாப்ளின் 2’ படத்தில் வந்த பிறகு பட்டிதொட்டியெல்லாம் அதிர்ந்தது. பெருமைதான். ஆனால், ஒன்றைக் கவனியுங்கள். மண்ணில் பிறந்த பாட்டு மறுபடி மண்ணுக்கு வர வேண்டுமென்றால், டி.வி. ஸ்டூடியோவுக்கும் அங்கிருந்து கோடம்பாக்கத்துக்கும் போய் முத்திரை குத்திக்கொண்டுதான் வர வேண்டியிருக்கிறது. முத்திரை கிடைக்காத நூறு பாட்டு என்ன ஆகும்?

களையோடு போன பாட்டு

என் சின்னத்தா ஒருத்தி இருக்கிறாள். எழுபது தாண்டியாயிற்று. களை எடுக்கும்போது பாடுகிற பாட்டு அவளுக்கு ஒரு மூட்டை தெரியும். ஒருத்தி எடுத்துக்கொடுக்க, பத்துப் பேர் வாங்கிப் பாடுவார்கள். பாட்டு முடியும்போது வயல் சுத்தமாக இருக்கும். இப்போது?

‘யாருகூட நின்னு பாடச் சொல்ற? மருந்த அடிச்சுப்புட்டு அவனவன் வீட்டுக்குப் போறான்’ என்றாள் சின்னத்தா.

களைக்கொல்லி வந்தது. களையோடு பாட்டும் செத்தது.

அவள் பேத்தி ஒரு நாள் உட்காரவைத்து செல்போனில் நாலு பாட்டைப் பதிவு செய்து யூடியூபில் ஏற்றினாள். நல்ல காரியம். சொந்தக்காரர்கள் பார்த்தார்கள், கைகூப்பிப் பொம்மை போட்டார்கள். அதோடு சரி. ஏன் என்று யோசித்தேன். செல்போன் நாம் கேட்டதைக் கொடுக்கும்; ஏற்கெனவே கேட்டது மாதிரியே இன்னொன்றையும் கொடுக்கும். சின்னத்தா பாட்டைக் கேட்க வேண்டுமானால், அப்படி ஒரு பாட்டு இருக்கிறது என்று முதலில் தெரிந்திருக்க வேண்டும். தெரியாத ஒன்றை யார் தேடுவார்கள்?

ரேடியோவின் மகிமை அங்கேதான் இருக்கிறது. ரேடியோ நாம் கேட்காததைக் கொடுக்கும். நமக்குப் பிடித்த பாட்டு வருமா என்று காத்திருக்கும்போது, நடுவில் நாம் எதிர்பார்க்காத ஒன்று வந்து காதில் விழும். நூறு பேர் காதில் விழுந்து, இரண்டு பேர் மனதில் ஒட்டும். அந்த இரண்டு போதும்.

நான் சும்மா சொல்லவில்லை. 1960-களில் திருச்சி வானொலியின் வேளாண்மை நிகழ்ச்சியில் ஏ.டி.டி. 27 என்கிற புது நெல்லைப் பற்றி விடாமல் சொன்னார்கள். தஞ்சாவூர்ப் பக்கம் விவசாயிகள் அதைத் தேடிப்போய் வாங்கி விதைத்தார்கள். அதன் பெயரே மறந்து, ‘ரேடியோ நெல்’ ஆகிவிட்டது! எந்த விவசாயியும் எழுதிப்போட்டு ‘நேயர் விருப்பமாக’ அந்த நெல்லைக் கேட்கவில்லை. கேட்காததைக் கொடுத்தது ரேடியோ, விளைந்தது வயல். நெல்லை விளைவித்த ரேடியோவால் பாட்டை விளைவிக்க முடியாதா?

விளைவிக்க எங்கள் சீமையில் விதைக்குப் பஞ்சமில்லை. புதுக்கோட்டை இசை நாடகத்துக்குப் பேர்போன ஊர். சித்திரை, வைகாசியில் திருவிழா மேடையில் ‘வள்ளி திருமணம்’ விடிய விடிய நடக்கும். ராஜபார்ட்டும் ஹார்மோனியக்காரரும் போட்டி போட்டுப் பாடுவதைக் கேட்க ஊரே பாய் விரித்து உட்கார்ந்திருக்கும். (அந்த ஹார்மோனியத்தையே அகில இந்திய வானொலி 1940-லிருந்து முப்பது வருஷம் உள்ளே விடவில்லை என்பது தனிக் கூத்து.) கும்மிப் பாட்டு, ஒப்பாரி, மீனவர் பாட்டு, தர்கா விழாவில் பாடுகிற பாட்டு... எல்லாம் நாற்பது ஐம்பது கிலோமீட்டருக்குள்.

ஒரு மணிக்கு ஒன்று

சமுதாய வானொலி என்று ஒன்று இருக்கிறது. 2004 பிப்ரவரியில் சென்னை அண்ணா பல்கலைக்கழகத்தில் தொடங்கிய அண்ணா எஃப்.எம்.தான் நாட்டுக்கே முன்னோடி. 2006-ம் வருஷக் கொள்கைப்படி, சமுதாய வானொலியில் பாதி நிகழ்ச்சியாவது அந்தப் பகுதி மக்கள் பங்கெடுத்துச் செய்ததாக இருக்க வேண்டும். ஆக, உள்ளூருக்குப் பாதி இடம் என்பது நம் அரசாங்கத்துக்குத் தெரியாத தத்துவம் இல்லை. சம்பாதிக்காத ரேடியோவுக்குப் பாதி. சம்பாதிக்கிற ரேடியோவுக்குப் பேச்சளவில் இருபது!

நான் பாதி கேட்கவில்லை. தென் ஆப்பிரிக்கா மாதிரி தொண்ணூறும் கேட்கவில்லை. கொரசான் அக்கினோ கணக்கில் மணிக்கு நாலுகூட வேண்டாம். மணிக்கு ஒன்று. ஒரு மணி நேரத்தில் விளம்பரம், அரட்டை போகப் பத்துப் பன்னிரண்டு பாட்டு போட முடியும். அதில் ஒன்றே ஒன்று, அந்த மாவட்டத்தில் பிறந்து, சினிமா முத்திரை குத்தாத பாட்டு. காலை ஆறு முதல் ராத்திரி பத்து வரை பார்த்தால் ஒரு நாளைக்குப் பதினாறு. வருஷத்துக்கு ஐயாயிரத்து எண்ணூறு சொச்சம் தடவை ஒரு புதுக்கோட்டைக் குரல் காற்றில் ஏறும்.

மூன்று நிபந்தனை மட்டும் சேர்க்க வேண்டும்.

ஒன்று, வெளிச்சத்தில் போட வேண்டும். விடியற்காலை நாலு மணிக்கு மூட்டை கட்டி இறக்குகிற ‘பீவர்’ வேலை ஆகாது.

இரண்டு, பெயரைச் சொல்ல வேண்டும். ‘அடுத்து ஒரு நாட்டுப்புறப் பாடல்’ என்று அநாதையாக விடக்கூடாது. யார் பாடியது, எந்த ஊர், எந்த வேலை செய்யும்போது பாடுகிற பாட்டு, அதைச் சொல்ல இருபது விநாடி. அப்துல் ஹமீது மாதிரி ஒரு அறிவிப்பாளர் கிடைத்தால், அந்த இருபது விநாடியிலேயே பாதிப் பேர் மனதை வாங்கிவிடுவார்.

மூன்று, காசு கொடுக்க வேண்டும். சினிமாப் பாட்டு போட்டால் ரிக்கார்டு கம்பெனிக்கும், சொசைட்டியில் பதிவு செய்த கவிஞர், இசையமைப்பாளருக்கும் பணம் போக வழி இருக்கிறது. என் சின்னத்தாவுக்கு சொசைட்டி என்றால் பால் சொசைட்டிதான்! அவளுக்கு ராயல்டி படிவம் நிரப்பத் தெரியாது. பாடிய அன்றே கையில் ஒரு தொகை கொடுத்துக் கைரேகை வாங்கிக்கொள்ளட்டும். பாட்டின் உரிமை மட்டும் அவளிடமே இருக்கட்டும்.

எஃப்.எம். நிலையம் ஒன்றில் வேலை பார்க்கும் நண்பரிடம் இதைச் சொன்னேன். சிரித்தார். ‘சார், ஒப்பாரி போட்டா நேயர் ஸ்டேஷனை மாத்திடுவார். நேயர் மாறினா விளம்பரம் மாறிடும். விளம்பரம் மாறினா நான் வேலை மாறணும்.’

நியாயமான பயம்தான். கேஸ்கர் காலத்து அனுபவமும் அதைத்தான் சொல்கிறது. ஆனால், கேஸ்கர் எடுத்தது பன்னிரண்டில் பதினொன்றை. நான் கேட்பது பன்னிரண்டில் ஒன்றை. மூணு நிமிஷ ஒப்பாரியைப் பொறுக்காத நேயர், அஞ்சு நிமிஷ நகைக்கடை விளம்பரத்தைப் பொறுத்துக்கொண்டுதானே இருக்கிறார்? தவிரவும், ஊருக்கு ஊர் ஒரே இருபது பாட்டைப் போட்டால், செல்போனில் விளம்பரத் தொல்லை இல்லாமல் கேட்கத் தெரிந்தவன் புதுக்கோட்டை எஃப்.எம்.முக்கு எதற்கு வருவான்? ஸ்பாட்டிஃபையிடம் இல்லாத ஒரே சரக்கு பக்கத்து ஊர்க் குரல்தான். ரேடியோவுக்கு அது கோட்டா இல்லை சார், பிழைக்கிற வழி.

ஏலம் எடுக்கப்போகும் புண்ணியவான் யாரோ, எனக்குத் தெரியாது. அவருக்கு இப்போதே ஒரு விண்ணப்பம். கோபுரம் நடுவதற்கு முன்னால் ஒரு டேப் ரிக்கார்டரோடு ஆளை அனுப்புங்கள். மணமேல்குடிக்கும் ஆவுடையார்கோவிலுக்கும் திருமயத்துக்கும் கறம்பக்குடிக்கும். சீக்கிரம் அனுப்புங்கள். டவர் அடுத்த வருஷமும் நடலாம். எழுபது தாண்டின தொண்டைகள் அடுத்த வருஷம் வரை காத்திருக்கும் என்று யாரும் எழுதிக் கொடுக்கவில்லை.

மணிக்கு ஒரு பாட்டு, ஐயா. மீதி பதினொன்றும் சினிமாவாகவே இருக்கட்டும். முதல் வரிசையில் உட்கார்ந்து நானே விசிலடிக்கிறேன்!